கயிறா, ஊசியா: வலியில்லாத கொலை பற்றிச் சில குறிப்புகள்

ரமணாசிரமப் பகுதியில் சாவைப் பற்றிப் பேசுவது சுலபம். 1896இல் மதுரையில் வேங்கடராமன் என்கிற பதினாறு வயதுப் பையன் பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது எது என்று தனக்குள் கேட்டுக்கொண்டதிலிருந்துதான் இந்த ஆசிரமத்தின் கதையாடலே தொடங்குகிறது. அதைத் தேடி அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து செங்கம் சாலைப் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்துத் தங்குகிறார்கள். சாவு இங்கே ஒரு சாந்தமான சொல். மரண தண்டனை பற்றி டீக்கடையில் பேச்சு வந்தால்கூட அந்தச் சாந்தம் வந்து ஒட்டிக்கொள்கிறது. "தூக்குல தொங்கவுடறதெல்லாம் காட்டுமிராண்டித்தனம் சார். ஒரு ஊசி போட்டா தூங்கறமாதிரி போயிடுவான்." சொல்பவர் கொடூரமானவரல்ல, இரக்கத்தோடுதான் சொல்கிறார். இந்தத் 'தூங்கறமாதிரி'யைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்களில் இந்தப் பேச்சு பழையது. சாகும்வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5) பிரிவு. 1983இல் தீனா வழக்கில் அது அரசியல் சட்டத்துக்கு உட்பட்டதே என்று தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்பெழுதினார். 2003இல் சட்ட ஆணையம் தன் 187ஆம் அறிக்கையில் விஷ ஊசியையும் ஒரு மாற்று வழியாகச் சேர்க்கச் சொன்னது. 2017இல் வழக்கறிஞர் ரிஷி மல்ஹோத்ரா தூக்கை எதிர்த்து மனுப் போட்டார். 2023இல் அதை விசாரித்து, தூக்கின் வலி பற்றி அரசிடம் தகவல் கேட்ட தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், அப்பா தீர்ப்பெழுதிய விஷயத்தையே மகன் திறந்தார் என்பது ஒரு தற்செயல். 2025 அக்டோபரில் கைதிக்கு அப்படியொரு தேர்வைக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்றது அரசுத் தரப்பு. காலத்தோடு மாற அரசு தயாராக இல்லையே என்று நீதிபதிகள் சலித்துக்கொண்டார்கள். இதற்கிடையில், காலனியச் சட்டங்களை ஒழித்துவிட்டோம் என்று சொல்லி 2024 ஜூலை 1 முதல் அமலாக்கிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே வாக்கியம் 393(5) என்று புது எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஊசியின் கதை அமெரிக்காவில். 1977இல் ஓக்லஹோமா மாநிலம் சட்டம் போட்டது. 1982 டிசம்பரில் டெக்சாஸில் சார்லஸ் புரூக்ஸ் என்கிற கறுப்பின மனிதர்மீது முதலில் பயன்பட்டது. மூன்று மருந்துகள். முதலாவது தயோபென்டால், மயக்குவதற்கு. மூன்றாவது பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்துவதற்கு. இடையில் வருகிற பான்குரோனியம்தான் கவனிக்க வேண்டியது. அது தசைகளை முடக்குகிறது. மூச்சும் நிற்கும், சரி. ஆனால் இதயத்தை நிறுத்த அடுத்த மருந்து தயாராக இருக்கும்போது இதற்கென்ன தனி வேலை? உடம்பு துள்ளக் கூடாது, முகம் கோணக் கூடாது, அவ்வளவுதான். மயக்கம் போதாமல் போனால் உள்ளே இருப்பவன் நரம்பெல்லாம் எரிய விழித்துக்கொண்டு கிடப்பான். விரலைக்கூட அசைக்க முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவன் தூங்குகிறான். வளர்ப்பு மிருகங்களைக் கருணைக்கொலை செய்யும்போது இப்படி முடக்கு மருந்தைக் கலப்பதை அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே ஏற்கவில்லை.

ஆக, வலி நீக்கப்படவில்லை. வலியின் மொழி நீக்கப்பட்டிருக்கிறது. 1757இல் பாரிஸில் தாமியன் என்பவனைப் பொது இடத்தில் பிய்த்துக் கொன்ற காட்சியில் தன் புத்தகத்தைத் தொடங்கும் மிஷெல் ஃபூக்கோ, தண்டனை எப்படிப் படிப்படியாக மேடையைவிட்டு இறங்கி மறைவுக்குள் போனது என்று காட்டுகிறார். ஊசி அந்த மறைவின் உச்சம். கொலைமேடை வார்டு ஆகிவிடுகிறது. குத்துவதற்கு முன் கையில் ஸ்பிரிட்டுகூடத் தடவுகிறார்கள். மருத்துவ நெறி அனுமதிக்காததால் டாக்டர்கள் பெரும்பாலும் விலகிக்கொள்ள, நரம்பு தேடுகிற வேலை அரைகுறைப் பயிற்சிக்காரர்கள் தலையில் விழுகிறது. 2014இல் ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட் சாக 43 நிமிடம் ஆனது. 2022 நவம்பரில் அலபாமாவில் கென்னத் ஸ்மித்துக்கு நரம்பு கிடைக்காமல் கைவிட்டார்கள். 2024 ஜனவரியில் அதே மனிதரை நைட்ரஜன் வாயு கொடுத்துக் கொன்றார்கள். மருந்துக் கம்பெனிகள் பின்வாங்கித் தட்டுப்பாடு வந்தபோது நெப்ராஸ்கா மாநிலம் தயோபென்டால் வாங்கியது நம் மும்பையின் கேயெம் பார்மாவிடம். எதிர்ப்பு கிளம்பி 2011இல் அந்தக் கம்பெனி நிறுத்திக்கொண்டது.

சாந்தம் பார்ப்பவனுடையது என்றால் இந்தப் பகுதிக்காரர்களுக்குக் கோபம் வரலாம். அவர்களுக்கு அவர்களுடைய கதையையே நினைவுபடுத்தலாம். 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் திருடர்கள் புகுந்து ரமணரையே அடித்தார்கள். இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிய சீடரை அவர் தடுத்துவிட்டார். வலிக்காமல் அடி என்று சொல்லவில்லை. (போலீஸ் பிறகு திருடர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டது, ஞானியின் மன்னிப்பு அரசைக் கட்டுப்படுத்துவதில்லை.) அந்தக் கம்பி கீழே இறங்கியதை மறந்துவிட்டு, அமைதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வேலூரும் நமக்குத் தூரமில்லை. 1989வரை இந்த ஊர் வட ஆர்க்காடு மாவட்டம்தான். முருகன், சாந்தன், பேரறிவாளன் மூவருக்கும் 2011 செப்டம்பர் 9 என்று நாள் குறித்தது வேலூர்ச் சிறையில். ஆகஸ்ட் 28இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி தீக்குளித்தார். 30இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அன்றைக்கே சட்டமன்றமும் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. அந்த நாட்களின் சுவரொட்டிகளில், தட்டிகளில் கயிறு தொங்கியது. கயிற்றின் அசிங்கம்தான் ஆட்களைத் தெருவுக்கு இழுத்தது. ஊசிக்கு அப்படியொரு படிமம் கிடையாது. ஊசியைப் பார்த்தால் பெரியாஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். 2014இல் உச்ச நீதிமன்றம், கருணை மனுத் தாமதத்தைக் காட்டி ஆயுள் தண்டனையாக்கியது. 2022இல் விடுதலை. 'வலிக்காமல்' 2011இல் முடித்திருந்தால் இதில் எதுவுமில்லை.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: ஒழிப்பு எப்போ வருமோ, அதுவரைக்கும் சாகறவனுக்காவது கொஞ்சம் கம்மியா வலிக்கட்டுமே? நம் கொள்கைச் சுத்தத்துக்காக எவனோ ஒருத்தன் கழுத்து முறியணுமா? லேசான கேள்வியல்ல இது. தூக்கு வலிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கயிற்றின் அசிங்கம் நமக்குப் பிரச்சாரத்துக்கு உதவுகிறது என்பதற்காக அதைக் காப்பாற்ற நினைத்தால் நாமும் அந்த உடம்பைப் பயன்படுத்துகிறவர்கள்தான். ஆனால் கேட்கப்படுகிற சலுகை உண்மையில் கிடைக்கிற சலுகையா என்று பார்த்தாக வேண்டும். லாக்கெட்டுக்குக் கிடைக்கவில்லை.

'தேர்வு' என்கிற சொல்லிலும் சிக்கல் இருக்கிறது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் 74.1 சதவீதம் பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பாதிக்கு மேல் உயர்நிலைப் படிப்பை முடிக்காதவர்கள். விசாரணை நீதிமன்றத்தில் தனக்காக என்ன வாதிடப்பட்டது என்பதே புரியாமல் இருந்தவனிடம் அரசு கடைசியில் ஒரு படிவத்தை நீட்டும். கயிறு என்றால் இங்கே, ஊசி என்றால் அங்கே. சிறை எழுத்தர் படித்துக் காட்டுவார், அவன் கைநாட்டு வைப்பான். அதன்பிறகு எந்தக் கோர்ட்டில் கேட்டாலும், அவனே கேட்டு வாங்கிக்கொண்டது என்று அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம்.