கன்றின் பங்கும் சோயா அவரையும்

கொக்குவிலிலே பசு வளர்ப்போர் பலருக்கு மேய்ச்சல் நிலம் கிடையாது. ஒருகாலத்திற் சுருட்டுத் தொழிலாற் பேர்பெற்ற அவ்வூரில், பசுவானது வளவுக்குள்ளே கொட்டிலில் நின்று, குழையும் வைக்கோலும் பிண்ணாக்கும் உண்டு பால் தருகின்றது. 25 கிலோ எடையுள்ள கலப்பினக் கன்றுக்கோ நாளொன்றுக்கு 2½ லீற்றர் பால் வேண்டும். அப்பாலை விற்றால் வீட்டுச் செலவுக்கு உதவுமே, கன்றுக்கு வேறெதையேனும் கரைத்துக் கொடுத்தாலென்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே.

விடை கன்றின் வயிற்றிலே உள்ளது. நான்கு இரைப்பைகளுள் இளங்கன்றில் முக்கியமாக வேலை செய்வது நான்காவதே. அங்குள்ள ரெனின் என்னும் நொதியம் பாலின் கேசீன் புரதத்தைத் தயிர்போல் உறையச் செய்து, சிறிது சிறிதாகக் குடலுக்கு அனுப்பும். சோயா அவரைப் புரதம் இவ்வாறு உறைவதில்லை. மேலும், பச்சை அவரையிலே புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் உள. வெப்பம் அவற்றைப் பெரும்பாலும் அழித்துவிடும். ஆனால் கிளைசினின் முதலிய சில புரதங்கள் சாதாரண வறுவலுக்கு அசையமாட்டா. அவை ஒவ்வாமையை விளைத்து, உணவை உறிஞ்சும் குடற் சடைமுளைகளைக் குறுகச் செய்கின்றன. பின்னர் கழிச்சல்தான். அதனால் இறக்கும் நாகு கன்று, மூன்றாண்டிற் கறவைக்கு வரவேண்டிய பசு என்பதை மறத்தலாகாது.

ஆலைகளில் அற்ககோல் கொண்டு பதப்படுத்திய சோயாப் புரதத்தில் இக்குறை குறைவு. வீட்டில் அரைத்த மா அதற்கு ஈடாகாது. பாற்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரின் புரதமோ, உறையாவிடினும் நன்கு செரிக்கும். கன்றுப் பால்மாக்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படையாகும். முதல் மூன்று வாரமும் பாற்புரதமே தகும். அதன்பின் பதப்படுத்திய சோயாவைப் புரதத்திற் பாதிவரை சேர்க்கலாம். அரிசிக் கஞ்சியும் சீனித் தண்ணீரும் வேண்டா. அவற்றைச் செரிக்கும் ஆற்றல் இளங்கன்றுக்கு இல்லையென்றே சொல்லலாம்.

கடும்புக்கு மட்டும் மாற்றே கிடையாது. நோய் எதிர்ப்புப் பொருள்களைக் கன்றின் குடல் உள்ளேற்பது முதல் 24 மணி நேரத்துக்குள்ளேதான். அதிலும் முதல் ஆறு மணி நேரமே சிறந்தது. அயலவர்க்குக் கடும்பு காய்ச்சிக் கொடுப்பது நல்ல வழக்கம். கன்று குடித்த பின்னர் காய்ச்சலாம்.

இரண்டாம் வாரத்தில் நீரும், ஒரு பிடி உலர்தீனும் வைத்தல் நன்று. முதல் இரைப்பை வளர்ந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள், கரைத்துக் கொடுத்தபோது பயன்படாத பிண்ணாக்குப் புரதத்தையும் கன்றுக்கு உதவும் புரதமாக்கிவிடும். உலர்தீனை நாள்தோறும் அரைக்கிலோவரை உண்ணும் கன்றுக்குப் பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம்.