சாயப்பட்டறைக்குள் பிரஸ்ஸல்ஸ்

கொங்கும் உலகமும் – 14

2025 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்கா போகும் இந்தியச் சரக்கின் மீதான கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அந்தத் தேதிக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17க்குள் அங்கே சுங்கம் முடிக்கும் சரக்குக்கு மட்டும் புதிதாகச் சேர்ந்த 25இலிருந்து விலக்கு. ஏற்கெனவே கடலில் இருந்த பெட்டிகள் தப்பின. திருப்பூர் செக்கிங் டேபிளில் கிடந்தவை மாட்டிக்கொண்டன.

வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20, பாகிஸ்தானுக்கு 19. டி-சர்ட்டில் லாபம் பீஸுக்குச் சில ரூபாய்தான். முப்பது சதவீத இடைவெளியை எந்தக் கட்டிங் மாஸ்டராலும் துணியை மிச்சம் பிடித்து ஈடுகட்ட முடியாது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் திருப்பூர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. கூடுதல் 25க்குச் சொன்ன காரணம், இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்குகிறது என்பது. பனியனுக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும், ஆனால் கேட்க ஆள் இல்லை. 2026 பிப்ரவரி தொடக்கத்தில், வரியைப் போட்ட அதே அதிபர் டிரம்ப் அதை 18 ஆகக் குறைப்பதாக அறிவித்தார். ஏற்றியதும் அவர், இறக்கியதும் அவர்.

வல்லரசு என்றால் நம் மனதில் வருவது இப்படியான அதிகாரம்தான். தேதி போட்டு வரும், தலைப்புச் செய்தியாகும். ஐரோப்பாவின் அதிகாரத்துக்கு அப்படி ஒரு தேதியைச் சுட்டிக்காட்டுவது கடினம். ஆனால் திருப்பூரில் ஒரு துணி எப்படிச் சாயம் ஏறுகிறது, எந்த லேபுக்குப் போகிறது, கம்பெனியில் எந்த நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதை அமெரிக்காவைவிட ஐரோப்பாதான் அதிகம் மாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏற்றுமதிக் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வியாபாரி வெள்ளை டி-சர்ட் தேடி வந்ததையும், 1981இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்ததையும் ஊரில் பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் கொண்டுவந்தது ஆர்டர். நிபந்தனை பின்னால் வந்தது.

1994இல் ஜெர்மனி ஒரு விதி போட்டது. சில அசோ சாயங்கள் தோலில் பட்டு, உடைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய அமீன்களை வெளியிடும். அந்தச் சாயம் ஏறிய துணியை ஜெர்மனியில் விற்கக் கூடாது. நம் சாயப்பட்டறைக்காரர் எவரும் ஜெர்மன் தேர்தலில் ஓட்டுப் போட்டவர் இல்லை. ஆனாலும் சட்டம் அவர் பட்டறைக்குள் வந்துவிட்டது. 1997இல் இந்திய அரசும் அந்த வகைச் சாயங்களைத் தடை செய்தது. 2002இல் அது ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான விதியானது. பிறகு 2007இல் அமலுக்கு வந்த ‘ரீச்’ என்ற ரசாயனச் சட்டத்துக்குள் அடங்கியது.

ஒரே பட்டறையில் ஜெர்மனிக்கு ஒரு சாயம், அமெரிக்காவுக்கு ஒரு சாயம் என்று இரண்டு சரக்கு வைத்திருப்பது கட்டுப்படியாகாது. அதனால் கடுமையான விதி எதுவோ அதுவே எல்லோருக்கும் விதியாகிவிடுகிறது. கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் அனு பிராட்ஃபோர்ட், ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் ஊரை வைத்து, 2012இல் இதற்கு ‘பிரஸ்ஸல்ஸ் விளைவு’ என்று பெயர் வைத்தார். அமெரிக்கர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 2001இல் ஜெனரல் எலெக்ட்ரிக், ஹனிவெல் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இணைய வாஷிங்டன் ஒப்புக்கொண்டது. பிரஸ்ஸல்ஸ் மறுத்தது. இணைப்பு நடக்கவில்லை.

சான்றிதழ் தரும் ஆட்களையும் பாருங்கள். எஸ்.ஜி.எஸ். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தது, இன்டர்டெக் லண்டன், பீரோ வெரிடாஸ் பாரிஸ். அமெரிக்கக் கடைக்குப் போகும் துணியைச் சோதிக்கும் லேபுக்கும் தலைமையகம் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிறது.

இதைச் சொல்லி ஐரோப்பாவுக்கு மாலை போடுகிறவர்கள் உண்டு. நொய்யல் ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் கை தயங்கும். 1994இன் விதி காப்பாற்றியது உடுத்துகிறவரின் தோலை. அதே ஆண்டுகளில் திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 1992இல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த அணை அது. அதன் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. அப்போதும் ஐரோப்பியக் கடைகளுக்குச் சரக்கு தடையின்றிப் போய்க்கொண்டுதான் இருந்தது.

நதியை வழக்கு மேடைக்குக் கொண்டுபோனவர்கள் இந்த ஊர்க்காரர்கள். நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் நீதிமன்றம் போனது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஆலைகளும், உப்பைப் பிரித்தெடுக்கும் ஆவியாக்கிகளும் அந்த அடிக்குப் பிறகுதான் ஒழுங்காக ஓடத் தொடங்கின. இன்று ஐரோப்பிய வாங்குநர்களுக்கு நாம் பெருமையாகக் காட்டுவது இந்த ஆலைகளைத்தான். அந்தச் செலவுக்காக அவர்கள் விலையை ஏற்றித் தந்ததாக நான் யார் வாயாலும் கேட்டதில்லை.

இன்னொரு விதியையும் சொல்ல வேண்டும். என்.பி.இ. என்ற ரசாயனம் துணி அலசப் பயன்படுவது. 2021 பிப்ரவரியிலிருந்து அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் தங்கியிருக்கும் துணி ஐரோப்பாவுக்குள் போக முடியாது. காரணம், வாங்கியவர் வீட்டில் துவைக்கும்போது அது கரைந்து ஐரோப்பிய ஆறுகளில் கலக்கிறது, மீன்களுக்கு ஆகாது. நம் பட்டறையில் அலசும்போது எந்த ஆற்றில் கலந்தது என்பது அந்த விதிக்கான கேள்வியே அல்ல. அதற்காக அவர்களைத் திட்டவும் முடியாது. அவரவர் ஆற்றை அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதி போடும் இந்த ஐரோப்பாவும் துப்பாக்கிக்கு முன்னால் சுருங்குகிறது. 2025 ஜூலை 27 அன்று ஸ்காட்லாந்தில் டிரம்பின் சொந்த கோல்ஃப் விடுதிக்கே போய், பெரும்பாலான ஐரோப்பியச் சரக்குக்கு 15 சதவீத வரியை ஏற்றுக்கொண்டு வந்தார் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன். உக்ரைன் போருக்கு அமெரிக்க ஆயுதம் தேவைப்படும்போது பேரம் பேச இடம் குறைவு. அமெரிக்காவின் குணம் பிடிக்காத இந்தியாவும் ஐரோப்பாவும் அதன் பிறகு வேகமாக நெருங்கின. 2007இல் தொடங்கி இழுத்துக்கொண்டே போன இந்திய–ஐரோப்பிய வர்த்தகப் பேச்சு 2026 ஜனவரி 27 அன்று டெல்லியில் முடிந்தது. ஒப்பந்தம் அமலுக்கு வந்தால் 12 சதவீதம் வரை இருந்த ஆடை வரி இல்லாமல் போகும். வங்கதேசம் 2001 முதல் அனுபவித்துவரும் சலுகை அது. நமக்குக் கால் நூற்றாண்டு தாமதம்.

வரிக் கதவு திறக்கும்போதே காகிதக் கதவு ஒன்று எழும்புகிறது. 2024இல் நிறைவேறிய ஐரோப்பியச் சட்டம் ஒன்றின்படி, வரும் ஆண்டுகளில் ஆடைகளுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் வரப்போகிறது. நூல், சாயம், ரசாயனம் பற்றிய விவரங்களை ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்தால் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு. திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஒரே கூரைக்குள் பிறப்பதில்லை. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பேக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி வேறு வேறு இடம், எல்லாம் ஜாப் ஒர்க். பெரிய ஏற்றுமதிக் கம்பெனியில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது. மங்கலம் ரோட்டில் நான்கு நிட்டிங் மெஷின் வைத்திருப்பவர் இந்த விவரங்களை எழுத ஒரு ஆளை எந்தக் கூலியிலிருந்து வைப்பார் என்பதை ஒப்பந்தப் பேச்சில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2023 அக்டோபர் 1 முதல் ஐரோப்பா போகும் இரும்புச் சரக்கில் போல்ட், நட்டு வரைக்கும் கார்பன் கணக்கு கேட்கிறார்கள். அது கோவைப் பட்டறைகளின் பாடு. அடுத்த வாரம் கணபதி, சிட்கோ பக்கம் போவோம்.