கிருமிக்கொல்லி மருந்தின் அளவும் வேளையும்

குழந்தைக்கு ஜுரமும் இருமலும் கண்டால், சென்ற முறை மிஞ்சிய மருந்துப் புட்டியை எடுத்து உத்தேசமாக ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் குடியானவர் வீடுகள் பலவற்றில் இன்றும் உண்டு. பயிருக்கு ஏக்கர்க் கணக்குப் பார்த்து மருந்து கலக்கும் விவசாயி, தம் குழந்தையின் விஷயத்தில் கணக்கை விட்டுவிடுதல் தகாது. ஆன்டிபயாடிக் என்னும் கிருமிக்கொல்லி மருந்தின் அளவு எடை, வேளை, நாள் ஆகிய மூன்றைக்கொண்டு நிர்ணயிக்கப்படுகின்றது.

முதலாவது எடை. நிமோனியா கண்ட 2 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அமாக்ஸிஸிலின் மருந்தை, எடையில் கிலோ ஒன்றுக்குச் சுமார் 40 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது வேளைக்கு 480, அதாவது ஏறக்குறைய 500 மில்லிகிராம் ஆகும். இம்மருந்தின் பாகில் 5 மில்லி லிட்டருக்கு 125 மில்லிகிராம் கொண்ட புட்டியும் உண்டு. 250 கொண்ட புட்டியும் உண்டு. முன்னதில் 20 மில்லி லிட்டர் தேவை. பின்னதில் 10 போதும். ஆகையால் புட்டியின் மேல் எழுதியுள்ளதைப் படியாமல் பழைய அளவையே கொடுத்தால் மருந்து பாதியாகும், அல்லது இரட்டிப்பாகும். சமையற்கரண்டியும் அளவுக்கு உதவாது. புட்டியுடன் வரும் அளவு மூடியையே உபயோகிக்க வேண்டும்.

இரண்டாவது வேளை. இரத்தத்தில் சேர்ந்த அமாக்ஸிஸிலின் சுமார் ஒரு மணி நேரத்தில் பாதியாகக் குறைகின்றது. சிறுநீரகங்கள் அதை வெளியேற்றிவிடுகின்றன. நெல்லுக்குத் தழைச்சத்தைப் பருவந்தோறும் பிரித்து இடுவதுபோல், இம்மருந்தையும் பிரித்தே கொடுத்தல் வேண்டும். தவறிய வேளைக்கு ஈடாக அடுத்த வேளை இரட்டித்துக் கொடுத்தல் கூடாது.

மூன்றாவது நாட்கணக்கு. மேற்கூறிய நிமோனியாவுக்குப் பெரும்பாலும் 5 நாட்கள் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் உண்டாகும் தொண்டைப்புண்ணுக்கோ வழக்கமாக 10 நாட்கள் வேண்டும். இல்லையேல் இருதய வால்வுகளைக் கெடுக்கும் வாதஜுரம் பின்னர் வரக்கூடும். ஜுரம் தணிந்தது கண்டு தாமாகவே மருந்தை நிறுத்துதல் அபாயம். குறைந்த அளவு மருந்தில் சாகாது பிழைக்கும் கிருமிகள் அதை எதிர்க்கும் வலிமை பெறும் என்று, பெனிஸிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். அரைகுறையாகத் தெளித்த மருந்துக்குப் பூச்சிகள் அஞ்சாமற் போவதை விவசாயிகள் நன்கு அறிவர்.

சாதாரண ஜலதோஷம் வைரஸால் உண்டாவது. அதற்கு இம்மருந்துகளால் பயன் இல்லை. கால்நடைக்கு வாங்கிய மருந்தை மனிதருக்கோ, மனிதருக்கு வாங்கியதை மாட்டுக்கோ கொடுத்தல் ஆகாது. வளர்ந்த மாட்டுக்கு வாய்வழி கொடுக்கும் கிருமிக்கொல்லி, தீவனத்தைச் செரிக்கச் செய்யும் இரைப்பை நுண்ணுயிர்களையே அழிக்கக்கூடும்.

ஆதலின் குழந்தையை வைத்தியரிடம் கொண்டுசென்று எடை பார்க்கச் செய்து, முன்னர் எந்த மருந்தேனும் ஒவ்வாமற் போயிருந்தால் அதையும் சொல்லுதல் அவசியம். பால் குடிக்க இயலாத, வலிப்புக் கண்ட, அல்லது நினைவு மயங்கிய குழந்தையை ஒரு வேளைகூட வீட்டில் வைத்திராமல் உடனே ஆஸ்பத்திரியில் சேர்ப்பித்தல் வேண்டும்.