கடல் தாண்டி ஒரு தாலி

வீட்டை விட்டு ஓடும் ஜோடிகள் முன்பு மலைக்கோயிலைத் தேடினார்கள். கையில் காசுள்ளவர்கள் இப்போது அந்தமானுக்கு டிக்கெட் எடுக்கிறார்கள்.

இலக்கு பெரும்பாலும் ஹேவ்லாக். 2018இல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறியும் பழைய பெயர் போகவில்லை. அதன் ராதாநகர் கடற்கரை மேற்கு பார்த்தது. அஸ்தமனத்தில் மாலை மாற்றலாம். விடியலில் தாலி கட்ட கிழக்குக் கரையில் காலாபத்தர் இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே சூரியன் விழுந்துவிடும்: தீவு இருப்பது கிழக்கே வெகுதூரத்தில், கடிகாரமோ டெல்லிக்குக் கட்டுப்பட்டது. மே மாதம் மழை தொடங்கினால் படகையும் நம்ப முடியாது.

இருவரும் இந்துக்களானால் மணலில் நடக்கும் சடங்கும் செல்லும். ஆனால் நடந்தாக வேண்டும். சடங்கில்லாத சான்றிதழ் திருமணமாகாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே போட்டோகிராபருக்கு முன்பு புரோகிதரைப் பிடிப்பது நல்லது.

மதம் வேறானவர்கள் பாடுதான் திண்டாட்டம். மதம் மாறாமல் மணக்க 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்த பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். தேனிலவு பட்ஜெட் இதைத் தாங்குமா? அதைவிடச் சங்கடம், நோட்டீஸின் நகல் சொந்த மாவட்டத் திருமண அதிகாரிக்கும் போகிறது. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,400 கி.மீ. கடல் தாண்டி ஒளிந்தவர்களின் பெயரும் முகவரியும் ஊர் அலுவலகச் சுவரில், அப்பா பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்கும்.