கடை வாசல் பாசியைக் கவனியுங்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சரக்கு நனையாமல் இருக்க நாம் படும் பாடு கொஞ்சமல்ல. கிழிந்த தார்ப்பாயை மாற்றுகிறோம். மூட்டைகளுக்கு அடியில் கட்டை போடுகிறோம். ஆனால் கடைக்கு வெளியே உள்ள ஐந்தடித் தளத்தை மட்டும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலக் காலையில், 50 கிலோ சர்க்கரை மூட்டையை லாரியிலிருந்து இறக்கி வந்த சுமை தூக்கும் தொழிலாளி எங்கள் வாசலில் வழுக்கி விழுந்தார். மூட்டை கிழிந்தது பெரிதல்ல. மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. வைத்தியச் செலவையும் அந்த நாட்களின் கூலியையும் கொடுத்தேன், வாசல் என்னுடையது.

பாசி அழுக்கு அல்ல, உயிருள்ளது. ஈரமும் வெளிச்சமும் கிடைத்தால் வளரும். வெயில் படாமல் ஈரம் காயாத இடத்தில் இன்னும் செழிக்கும். தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டும் கோடு, ஏ.சி. குழாய் வடியும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவற்றை முதலில் பாருங்கள். கடப்பா கல் போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கறுப்புக் கல்லில் பச்சை எளிதில் தெரியாது. கால் வழுக்கிய பிறகுதான் தெரியும்!

மழை விட்ட நாளில், கடை அடைத்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். முதலில் தகட்டால் சுரண்டி, முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து வாரி எடுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் வாளியில் சுமார் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் தளத்தில் ஊற்றுங்கள். இருபது நிமிடம் ஊறியதும் மீண்டும் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கையுறை அவசியம். ஷட்டரின் அடிப்பகுதியில் பட்டால் உடனே கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

பலர் அவசரத்துக்கு ஆசிட் ஊற்றுகிறார்கள். அது சிமெண்டையும் கடப்பா கல்லையும் அரித்துச் சொரசொரப்பாக்கிவிடும். அந்தச் சொரசொரப்பில் அடுத்த மழைக்குப் பாசி இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட் கலந்தாலோ நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். மூடிய இடமானால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் சேர்த்து வாங்கும் வாடிக்கையாளரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள்.

நம் கடையில் விற்கும் பவுடரும் காற்றும் ஈரமும் பட்டால் வீரியம் இழக்கும். பிரித்த பையை மாதக்கணக்கில் வைத்துவிட்டு, 'பவுடர் வேலை செய்யவில்லை' என்று குறை சொல்லிப் பயனில்லை. எண்ணெய், மண்ணெண்ணெய், உரம் ஆகியவற்றின் பக்கத்தில் வைக்கவே கூடாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. தேயிலை, மாவு வகைகளுக்கு அருகிலும் வேண்டாம், வாடை ஏறும்.

இத்தனை செய்தாலும் தண்ணீர் தேங்கினால் பாசி திரும்ப வரும். அந்த விபத்துக்குப் பிறகு நான் கொத்தனாரைக் கூப்பிட்டு, தெருப் பக்கமாக அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்துத் தளத்தைப் பூசச் சொன்னேன். மேற்பரப்பை வழவழப்பாக்காமல், விளக்குமாற்றால் கோடு இழுத்தார். கூரை ஓரத்தில் தகரக் காலும் கட்டினோம். சென்ற மழைக்காலம் முழுவதும் ஒரே ஒரு முறைதான் பிரஷ்ஷை எடுக்க வேண்டி வந்தது.