ஊருக்கு உழைப்போர் – 8: பங்குச் சாமியார்

சென்ற வாரம் மரக்காணத்து உப்பளத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லி நிறுத்தினோம். வேத வித்தியாசம் பாராமல் அம்மக்களின் சுகதுக்கங்களுக்கு அருகே நின்று, பெயரும் புகழும் வேண்டாது வயதாகிப் போகிற ஒருவரை இவ்வாரம் காண்போம். அவர்தாம் கத்தோலிக்கப் பங்குச் சாமியார்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில், முக்தியாசலேசுவரர் கோயிலைச் சிரமேல் தாங்கிப் பெருமுக்கல் மலை நிற்கிறது. அங்கிருந்து கிழக்கே போகப் போகக் கழுவெளியின் சதுப்பும், உப்பளங்களும், கடைசியில் கடலும் எதிர்ப்படும். 1760-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இம்மலைக் கோட்டைக்காகப் பொருதினார்கள். ஆங்கிலத் தளபதி அயர் கூட் காயமுற்றதும் இங்கேதான். அந்தச் சேனைகளெல்லாம் வந்த சுவடு தெரியாமல் போய்விட்டன. ஆனால் சேசு சபை கலைக்கப்பட்ட பின், 1776-இல் புதுச்சேரி மிஷனை ஏற்றுக்கொண்ட பாரிஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் போகவில்லை. மக்களோடு தங்கி, மக்கள் பாஷையைக் கற்று, இந்த மண்ணிலேயே அடங்கினார்கள். இன்று புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் பங்குகளில் பணிபுரியும் தமிழ்க் குருக்கள் அவர்கள் இட்ட அஸ்திவாரத்தின்மீது நிற்பவர்களே.

பங்குக் குருவின் முதற் கடமை பிரசங்கம் என்று நினைப்போர் பலர். என் அபிப்பிராயம் வேறு; தம் மக்கள் நடுவே வசிப்பதே அவருடைய முதற் கடமை. ஆன்மாக்களைப் பராமரிக்கும் பொறுப்பேற்றவன் அந்த இடத்திலேயே குடியிருக்க வேண்டும் என்று திருச்சபையின் திரிதெந்து சங்கம் 1563-இல் கண்டிப்பாக விதித்தது. குடும்பங்களைச் சந்தித்து அவர்களுடைய கவலைகளை அறிய வேண்டும், ஏழைகளையும் துன்புறுவோரையும் தனித்திருப்போரையும் விசேஷ சிரத்தையோடு தேட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் கட்டளையிடுகிறது. ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு 1818-இல் வந்து, 1859-இல் மரிக்கும்வரை அங்கேயே உழைத்த அருளப்பர் வியான்னியைத்தான் பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலராகத் திருச்சபை தேர்ந்துகொண்டது.

நம் பங்குச் சாமியாரின் ஒரு நாளைச் சற்றே நினைத்துப் பாருங்கள். விடியற்காலையில் பூசை மணி அடித்துப் பூசை முடிந்து, அவர் இன்னும் காப்பிகூடக் குடித்திராத வேளையிலேயே, சாமியார் பங்களாவின் திண்ணையில் நாலு பேர் காத்திருப்பார்கள். ஒருவருக்கு ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து வயதுச் சான்று வேண்டும். ஒருவருக்குத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுத வேண்டும். பாகப் பிரிவினையில் முறைத்துக்கொண்ட அண்ணன் தம்பிக்கு நடுநிலையாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும். மாலையில் உபதேசியாரோடு கிளைக் கிராமங்களுக்குப் போய், வீடு வீடாக விசாரித்து, வியாதிக்காரருக்கு நன்மை (நற்கருணை) கொடுத்துத் திரும்பிப் படுத்தால், நடுநிசியில் சாகக் கிடப்பவருக்கு அவஸ்தை பூசுவதற்கு அழைப்பு வரும். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் புதுச்சேரி ஜிப்மருக்கு ஏற்றிச் செல்ல வண்டி கேட்டு வருகிறவர், தாம் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்பதை அந்த வாசலில் சொல்ல வேண்டியதில்லை.

உப்பளத்து நாட்டில் இந்தப் பணிக்குத் தனியான ஒரு பருவம் உண்டு. தை பிறந்தது முதல் வெயில் உள்ளவரை பாத்திகளில் வேலை நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் நீரில் மூழ்கினால் கூலியும் மூழ்கிவிடும். மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தமிழக அரசு வழங்குவது நல்ல காரியமே. ஆயினும் அத்தொகை கையில் வருமுன் அரிசிக் கடனும் முன்பணமும் குடும்பத்தை நெருக்கிவிடுகின்றன. பள்ளிக்கூடத்தை விட்டுப் பிள்ளையை வேலைக்கு அனுப்ப நினைக்கும் தகப்பனைத் தடுத்து நிறுத்துவது அம்மாதங்களில் செய்யத்தக்க மகத்தான தர்மம்.

இதற்கு மேலான முன்மாதிரியைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியை வாட்டியது. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அக்காலத்தில் சேத்துப்பட்டுப் பக்கம் பணிபுரிந்த பிரெஞ்சுக் குருவானவர் தரஸ் சுவாமி, பசித்து வந்த சேரி மக்களைச் சேர்த்துக்கொண்டார். கஞ்சி காட்டி மதத்தில் சேர்த்தார்கள் என்னும் பழி அந்நாளிலிருந்தே மிஷன்களின்மேல் உண்டு. அதற்குப் பதில் அவருடைய பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது: பஞ்சம் தீர்ந்தபின்னும் அவர் அவர்களை விட்டு அகலவில்லை. 1916-இல் காலமாகும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அந்த மக்களுக்காகவே உழைத்தார். வட ஆர்க்காட்டின் அப்போஸ்தலர் என்று அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறார்கள்.

ஆனால் அயலாருக்குச் செய்யும் சேவை கோயிலுக்குள்ளேயே தோற்றுப்போவதும் உண்டு. அதை மறைப்பது சத்தியத்துக்கு விரோதம். ஊருக்கு ஒரு கல்லறை, சேரிக்கு ஒரு கல்லறை என்றும், திருவிழாத் தேர் சேரித் தெருவில் நுழையக்கூடாது என்றும் சாதி வகுத்த எல்லைகள் இந்த மறைமாவட்டத்திலும் இருந்தன. 2008 மார்ச்சில் எறையூரில், தனிப் பங்கு கேட்ட தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட கலகம், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைப் பலிகொண்டது. இதன்மேல் அரசின் பாரபட்சமும் சேர்ந்திருக்கிறது: 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையால் இந்துக்கள் அல்லாதாருக்கு மறுக்கப்பட்ட பட்டியல் சாதி உரிமை, சீக்கியருக்கு 1956-இலும் பௌத்தருக்கு 1990-இலும் கிடைத்தது, கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. சமூகத்தாலும் சட்டத்தாலும் ஒருங்கே ஒதுக்கப்பட்டவன் கடைசியாக வந்து நிற்கும் இடம் சாமியார் பங்களாவின் திண்ணை. அங்கேயும் அவனைச் சாதி பார்த்து உட்காரச் சொன்னால், அந்தக் கோயிலில் எத்தனை பூசை நடந்தென்ன பிரயோஜனம்? பெரியதனக்காரரின் கோபத்துக்கு அஞ்சாமல் தேரைச் சேரிக்குள் கொண்டுசெல்கிற குருவே, தம் அழைப்பை முழுமையாக உணர்ந்த குரு.

ஆதலின் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். நீங்கள் எந்த மதத்தினராயினும், உங்கள் ஊர்ப் பங்குச் சாமியாரை ஒருமுறை சென்று காணுங்கள். இந்த ஐப்பசியில் எந்தக் குழந்தையின் படிப்பு நின்றுபோகும் நிலையில் இருக்கிறது என்று அவரிடம் கேட்டு, அச்செலவில் உங்களால் இயன்றதை ஏற்றுக்கொள்ளுங்கள்.