பீப்பீ சத்தமும் பிள்ளைகளின் காதும்

சிதம்பரத்தில் நடராஜர் தேர் ஓடுவது வருஷத்தில் இரண்டு நாள். ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் ஒன்று, மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் மற்றொன்று. அன்று கீழவீதியில் கால் வைத்தால் நாதஸ்வரம், தவில், சங்கு எல்லாவற்றையும் மீறி ஒரு சத்தம் காதைக் குத்தும். பிளாஸ்டிக் பீப்பீ. பிள்ளை கேட்டும் வாங்கிக் கொடுக்காமல் தேர் பார்த்துவிட்டு வருகிற தகப்பன் குறைவு.

அப்பாவின் தோளில் உட்கார்ந்து பிள்ளை ஊதும்போது அந்தக் குழலின் வாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நெரிசலில், முன்னால் நிற்கிறவரின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும். பெரும்பாலும் அவர் தோளிலும் ஒரு குழந்தை இருக்கும்.

பூவரசு இலையைச் சுருட்டி ஊதி வளர்ந்த தலைமுறை, 'நாங்க ஊதாததா' என்று சிரிக்கும். இலைப் பீப்பீ நாலு ஊதலில் நைந்துவிடும். பிளாஸ்டிக் நையாது, ஊதுகிறவனுக்கு மூச்சு இருக்கும்வரை கத்தும்.

தென்னாப்பிரிக்காவில் அளந்தார்கள்

புத்தாண்டு இரவில் கடலூர் வெள்ளிக் கடற்கரைப் பக்கம் பைக்கில் ஊதிக்கொண்டு போகிறார்களே, அந்த நீளக் குழலுக்கு உலகம் வைத்த பெயர் வுவுசெலா. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தை டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த ஆட்டங்களின் கோல்கள் மறந்திருக்கலாம். தேனீக் கூட்டம் போன்ற அந்த இரைச்சல் மறந்திருக்காது.

போட்டி தொடங்குவதற்கு முன்பே பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் செவியியல் ஆய்வாளர்கள் அதை அளந்து பார்த்துவிட்டார்கள். குழலின் வாயருகே 131 டெசிபல், 2 மீட்டர் தள்ளி 113 டெசிபல். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 15 நிமிஷம். இப்படியே குறைத்துக்கொண்டு போனால் 113 டெசிபலுக்குக் கிடைப்பது முக்கால் நிமிஷம்தான். கால்பந்து ஆட்டம் 90 நிமிஷம்!

அதே 2010இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ தன் போட்டிகளில் இந்தக் குழலைத் தடை செய்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பையிலும் அரங்குக்குள் அனுமதி இல்லை. சத்தம் மட்டுமல்ல, எச்சிலும் ஒரு பிரச்சினை. சும்மா கத்துவதைவிட வுவுசெலா ஊதும்போது பல மடங்கு நுண்துளிகள் காற்றில் பறக்கின்றன என்று லண்டன் ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். ஒரே பீப்பீயை அண்ணன், தம்பி, அத்தை பிள்ளை என்று வாய் மாற்றி ஊதும் நம் வழக்கத்தை அவர்கள் பார்த்ததில்லை.

தூரம்தான் முதல் மருந்து

திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். 2 மீட்டரில் 113 என்றால் 4 மீட்டரில் 107, 8 மீட்டரில் 101. பத்தடி நகர்ந்து நிற்பது அற்பமாகத் தோன்றும், காதுக்கு அது பெரிய நிம்மதி. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு சாண் என்பது 2 மீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அத்தனை நெருக்கத்தில் 20 டெசிபல் போலக் கூடிவிடும். ஆகவே குழல் சிறிசுதானே என்று பார்க்காதீர்கள், எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

காதுக்குள் என்ன ஆகிறது

உள்காதில் நத்தைக்கூடு வடிவ உறுப்பொன்று இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள். ஒலி அசைவை நரம்புக்குக் கொடுப்பது இவைதான். மிதமான இரைச்சலுக்குப் பிறகு காற்றில் சாய்ந்த நெற்பயிர் போல இவை மெல்ல நிமிரும். தாள் முறிந்தால் நிமிராது. மனிதக் காதில் செத்த மயிர்ச் செல் மறுபடி முளைப்பதில்லை.

பலத்த சத்தம் கேட்டதும் நடுக்காதின் ஒரு சிறு தசை தானாக இறுகி ஒலியைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் அது இறுகக் கண நேரம் வேண்டும். பின்னாலிருந்து திடீரென்று ஊதினால் அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சொலிகளைக் கேட்கும் திறன். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. ஆள் பேசுவது கேட்கும், ஆனால் 'ச'வும் 'த'வும் குழம்பும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் எதிரில் இருப்பவர் சொல்வது பிடிபடாது. வீட்டில் டிவி சத்தம் ஒவ்வொரு புள்ளியாக ஏறும். வகுப்பில் இப்படி இருக்கும் பிள்ளைக்கு 'கவனம் இல்லை' என்ற பட்டம் சுலபமாகக் கிடைத்துவிடும்.

யாரும் நினைக்காத ஒருவர்

ஊதுகிற பிள்ளை அரை மணியில் சலித்துக் கீழே போட்டுவிடும். விற்கிறவர் அப்படியில்லை. வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் ஊதிக் காட்டியே விற்க வேண்டும், காலையிலிருந்து தேர் நிலைக்கு வரும்வரை. அடுத்த வாரம் வேறு ஊர்த் திருவிழா. தேர்ப் பாதுகாப்புக்கு நிற்கும் காவலர்களும் பேருந்து நிலையத்தில் பழம் விற்கிறவர்களும் இதே வரிசைதான். இரைச்சல் இவர்களுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்டது, அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

பஞ்சு போதாது

காதில் பஞ்சு அடைத்துக்கொள்வது நம் பழக்கம். மனசுக்குத் தெம்பாக இருக்கும், சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது. நுரை காதடைப்பான் பரவாயில்லை. அதையும் சும்மா செருகினால் பலனில்லை. விரல்களுக்கு நடுவில் வைத்து மெல்லிய குச்சி போல உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். அது விரியும்வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். உங்கள் குரலே உங்களுக்குக் குகைக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. கைக்குழந்தைக்கு இது ஆகாது. காதை முழுக்க மூடும் காதுமூடிதான் சரி. அது இல்லையென்றால், குழந்தையைக் கூட்டத்தின் நடுவுக்குக் கொண்டுபோகாமல் சந்நிதித் தெரு ஓரமாக நின்று பார்ப்பது மேல்.

காதை அடைக்கத் தேவையில்லாதபடியும் ஆட்டம் பார்க்கலாம். கடலூர் கால்பந்துக்குப் புதிய ஊர் அல்ல. இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் இந்த ஊர்ப் பெண்தான். 2018இல் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு முதல் முறையாகத் தேசிய மகளிர் பட்டம் பெற்றபோது அந்த அணியில் இருந்தவர். நம் பெண்களின் ஆட்டத்தை அண்ணா விளையாட்டரங்கில் கைதட்டிப் பார்க்கலாம், விசில் அடிக்கலாம். அடுத்தவர் காதுக்குள் ஊத வேண்டியதில்லை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்

திருவிழா முடிந்து வீடு வந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பதும், 'கொய்ங்' என்று இரைவதும் எச்சரிக்கை. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கும். அடங்காவிட்டால், அல்லது ஒரு காது திடீரென்று மந்தமானால், வலியோ தலைசுற்றலோ இருந்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் குறைவுக்கு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம். காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, கோழி இறகு விடுவது, பட்ஸ் வைத்துக் குடைவது எதுவும் வேண்டாம். உள்காதுச் சேதத்தை எண்ணெய் எட்டாது.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. செவித்திறன் சோதனையில் ஊசி கிடையாது, வலி கிடையாது. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வார்கள். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் அது இரைச்சல் விட்டுப்போன தடமாக இருக்கலாம்.

சட்டம் இருக்கிறது

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. தேவையில்லாமல் ஹாரன் அடிக்கும் ஓட்டுநருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 194-எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், மறுமுறை 2,000 ரூபாய் அபராதம். கடலூர்–சிதம்பரம் சாலையில் ஒரு முறை பைக்கில் போனால் இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்று காதே சொல்லிவிடும்.

பீப்பீ விற்றுப் பிழைப்பவர்கள் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. விற்கட்டும், பிள்ளைகள் வீட்டு மொட்டை மாடியில் ஊதட்டும். தேரோட்ட நாளில் நான்கு வீதிகளுக்குள் ஊதக் கூடாது என்று விழாவுக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு வரி சேர்த்து, அதை ஒலிபெருக்கியில் சொன்னால் போதும். அந்த ஒலிபெருக்கியின் சத்தத்தையும் கொஞ்சம் குறைத்து வைத்தால் நல்லது.